அறுபதாம் நம்பர் நரம்பு

எச்சில் தொட்டு இழுத்தோமா, உலர்ந்தபடியே இழுத்துவிட்டோமா, அதுதான் ரெக்சலினுக்கு நினைவு வரவில்லை. முடிச்சுப் போட்டது ஞாபகம் இருக்கிறது. அந்தி வெளிச்சத்தில் தங்கூஸ் நரம்பு, அந்த நைலான் தூண்டில் இழை, கண்ணுக்குப் பிடிபடாமல் விரலுக்கு மட்டும் பிடிபட்டது ஞாபகம் இருக்கிறது. மிச்ச நுனியைப் பல்லால் கடித்துத் துப்பியதுகூட இருக்கிறது. நடுவில் அந்த ஒரு நொடி, முடிச்சை உதட்டுக்குக் கொண்டுபோய் நாக்கால் நனைத்து மெல்ல மெல்ல இறுக்குகிற அந்த ஒரு நொடி மட்டும் கழன்று எங்கேயோ விழுந்து கிடக்கிறது. அந்நேரம் பார்த்துத்தான் தொட்டிலில் பிள்ளை வீறிட்டது. பிள்ளை வீறிட்டதும் நனைத்தாளா, நனைத்ததும் பிள்ளை வீறிட்டதா? நனைக்காமல் இழுத்த முடிச்சு தன் சூட்டிலேயே தான் வெந்துபோகும். பார்க்கக் கல்லு மாதிரி இருக்கும், பாரம் விழுந்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடும். இது கடப்புறத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். விட்டால் விடட்டுமே, அதற்காகத்தானே அந்த நரம்பைப் போட்டாய் என்று ஒரு மனசு சொன்னது. விடலாம், ஆனால் சும்மா விடக்கூடாது, விடவேண்டிய நேரத்துக்குத்தான் விடவேண்டும் என்றது இன்னொரு மனசு. பின்வாசல் படியில் காலை நீட்டி உட்கார்ந்து, நீட்டிய காலில் பிள்ளையைக் கிடத்தி, ஏத்தங்காய்ப் பொடி காய்ச்சிய கூழைக் கரண்டியில் எடுத்து எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை வாங்கி வாங்கித் துப்பிக்கொண்டிருந்தது. எதிரே இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவில் ஒரு முழம் கடல் தெரிந்தது. அந்த ஒரு முழத்தில் அவள் புருஷன் கிளாட்வின் இல்லை. விடியுமுன்னே, ஒற்றை ஆள் உட்கார்ந்து போகிற தெர்மாகோல் மரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, தூண்டில் சுற்றிய கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். கட்டையை அவர் கையில் கொடுத்தவள் இவள்தான். கொடுக்கும்போது கை நடுங்கியது. குளிருதா என்றார். ஆமா என்றாள்.

ஆமா என்றுதான் எதற்கும் சொல்லுவாள். அஞ்சாம் வகுப்பில் டீச்சர், உனக்கு வாய் இருக்கா ரெக்சலின் என்று கேட்டதற்கும் ஆமா என்றுதான் சொன்னாள், வகுப்பே சிரித்தது. கல்யாணத்துக்குக் கோயிலில் சாமியார் சம்மதமா என்று கேட்டபோது அவள் சொன்ன ஆமா சாமியாருக்கே கேட்காமல் மறுபடியும் கேட்டார். ஆனால் நரம்பு விஷயத்தில் மட்டும் அவளுக்கு வாய் உண்டு. அது கிளாட்வினுக்கு மட்டும் தெரிந்த வாய். சாயங்காலம் மீன் கழுவப் போகிற சாக்கில் கடலுக்குள் நீட்டிய கல்லுச்சுவர் நுனிவரை போய், ஒரு வெள்ளைச் சிப்பியைத் தண்ணிக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பாள். சிப்பி எம்மட்டும் தெரிகிறதோ அம்மட்டும் தெளிவு. தெளிவுக்கு மெல்லிசு நரம்பு, கலங்கலுக்குக் கனத்தது, நம்பர் ஏற ஏறக் கனம். கலங்கலில் மீனுக்குக் கண் தெரியாது, கயிற்றைக் கட்டிவிட்டாலும் வந்து கொத்தும். தெளிவில் ஒரு மயிரிழை தடித்தாலும் மோந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். நீவாடு, அந்தக் கடல் நீரோட்டம், இழுக்கிற நாளில் கனத்த நரம்பு ஓட்டத்தில் வில்லாக வளைந்துவிடும், கீழே மீன் கடித்தாலும் மேலே கைக்கு எட்டாது. அன்றைக்கு மெல்லிசைப் போட்டு ஈயத்தைக் கூட்டவேண்டும். பாருக்கு, கடலடிப் பாறைக்கு, மேலே போட்டால் கல்லில் உரசும், உரசுகிற இடத்துக்கு மெல்லிசு ஆகாது. வீட்டுக்கு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் அவரிடம் குனிந்தபடி சொல்லுவாள், நாளைக்குத் தெளிவு, நாப்பதாம் நம்பர் போடட்டா. போடு என்பார். பொம்பளை பார்த்துச் சொல்லி ஆம்பிளை நரம்பு போடுகிறான் என்று வெளியே தெரிந்தால் கடப்புறமே கைகொட்டும். அதனால் அது அடுப்பங்கரையைத் தாண்டாது. ஆனால் போன மாதம் பெரிய நெய்மீன் ஒன்று கரைக்குக் கிட்டே வந்து அறுத்துக்கொண்டு போயிற்று. அதற்கடுத்த வாரம் ஒரு பாரை மீன். ரெண்டும் அவள் தேர்ந்த மெல்லிசில்தான். பக்கத்து வள்ளத்துக்காரர் சில்வஸ்டர் அண்ணன்தான் பெயர் வைத்தார். "லேய் அறுத்தான், இன்னைக்கு என்னத்தடே அறுத்த?" மறுநாளைக்கு டீக்கடையில் அறுத்தான். அதற்கு மறுநாள் கோயில் முற்றத்தில் அறுத்தான். இந்தக் கரையில் ஒரு பட்டப்பெயர் ஒட்டினால் அது கல்லறைச் சிலுவை வரைக்கும் வரும், பேரப்பிள்ளைகளுக்கும் வரும். நேற்றுக் கட்டையைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டவரின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை, காலைத்தான் பார்த்தாள். காலே கோபமாக இருந்தது. மஸ்கட்டிலிருந்து அவர் மாமா மகன் கொடுத்துவிட்ட பச்சைப் பின்னல் நரம்பு, பிரிக்காமலே கிடந்த உருண்டை. "ஏட்டி, அந்தப் பின்னல மாட்டு. ஆனய கட்டி இழுக்கலாம்னு சொன்னான். முன்னால கம்பிக்கு மேல ஒரு பாகம் தொண்ணூறு போடு. எவன் அறுக்கான்னு பாப்பம்." தெளிவுத் தண்ணி அத்தான், தொண்ணூறு கண்ணுல படும் என்று சொல்ல வாயெடுத்தாள். "நீ சொன்னதக் கேட்டுத்தான் எனக்கு இந்தப் பேரு" என்றார். அவ்வளவுதான். அவ்வளவுதான் சொன்னார், அடிக்கவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. பின்னலுக்கும் தூண்டில் முள் கட்டிய கம்பிக்கும் நடுவில் வருகிற அந்த இரு கை விரித்த நீளத்துக்கு அவள் தொண்ணூறு போடவில்லை. அறுபது போட்டாள்.

தெளிவுக்குத்தான் அறுபது போட்டேன். இதைத்தான் சொல்லவேண்டும். அவர் வந்து, கட்டையைக் காட்டி, இது என்னது என்று கேட்டால், தெளிவா இருந்துச்சு அத்தான், அதான் மெல்லிசாப் போட்டேன். நல்ல பதில்தான். பொய்யும் இல்லை, சிப்பி நேற்று ரொம்ப நேரம் தெரிந்தது, பாசிக்குள் போய் உட்காரும்வரை தெரிந்தது. ஆனால் பதிலைச் சொல்லிப் பார்க்கும்போதே, அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் தெளிவை நினைக்கவில்லை. மீனையே நினைக்கவில்லை. அவள் நினைத்தது அப்பாவின் மரம் வந்து சேர்ந்த மத்தியானத்தை. மரம் என்றால் ஆள் இல்லாத மரம். ரெண்டு மரத்துக்காரர்கள் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். கரையிலே நின்ற கூட்டத்தில் யாருடைய இடுப்பையோ பிடித்துக்கொண்டு யூனிபாரத்தோடே அவள் நின்றாள், பை கூட முதுகில் இருந்தது. மரத்துக்குப் பக்கத்தில் ஒரு சாக்குத் துணி எதையோ மூடிக் கிடந்தது. அவர்கள் பேசிக்கொண்டது இப்போதும் அதே குரலில் கேட்கும். மரம் மட்டும் தனியா நின்னுட்டு இருந்துச்சு, பக்கத்துல போனா மரத்துல கட்டுன நரம்பு நேர் கீழே இறங்கிட்டு இருந்துச்சு, வெறச்சுப்போய். இழுத்தோம், கனமா வந்துச்சு, மீனுன்னு நெனச்சோம். அப்பா கையில் ரெண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். கையில் சுற்றக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும், குளிரில் விரல் மரத்துப்போனால் எல்லாரும் சுற்றுவார்கள். சுற்றின கையோடு பெரியது ஒன்று இழுத்துக்கொண்டு கீழே போயிருக்கிறது, அவிழ்க்க நேரம் கொடுக்கவில்லை. அப்புறம் ஒரு ஆள், யார் என்று தெரியாது, முகம் இல்லை, கைலி மட்டும் இருக்கிறது, நீலக் கட்டம் போட்ட கைலி, அந்த ஆள் நரம்பைக் கையில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்து, அதிசயமாகச் சொன்னார்: "நல்ல நரம்பு. அறவே இல்ல பாத்தியா." யாரும் அவரைத் திட்டவில்லை. ரெண்டு மூன்று பேர் தொட்டும் பார்த்தார்கள். நல்ல நரம்பு, அறவே இல்ல. நல்ல நரம்பு, அறவே இல்ல. அதன் பிறகு அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதன் பிறகு துணி உலர்த்துகிற கொடியில் கயிறு விறைத்து நின்றால்கூட அவள் போய்த் தளர்த்திக் கட்டிவிடுவாள். ஆனய கட்டி இழுக்கலாம். ஆனையைக் கட்டி இழுக்கிற நரம்பு ஆளையும் கட்டி இழுக்கும் என்று அவருக்கு யார் சொல்லுவது? பிள்ளையின் தாடையில் வழிந்த கூழைக் கரண்டி விளிம்பால் வழித்து மறுபடி வாயில் வைத்தாள். பிள்ளை தலையைத் திருப்பிக்கொண்டது.

அதனால்தான் அளந்தாள். மீனுக்கு அறக்கூடாது, மனுஷனுக்கு அறவேண்டும். அப்படி ஒரு நரம்பு எந்தக் கடையில் விற்கிறது? நேற்று மாமியார் கோயிலுக்குப் போன நேரத்தில், வாசல் தூணில் ஒரு முனையைக் கட்டி மறுமுனையைத் தன் உள்ளங்கையில் ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து பார்த்தாள். தொண்ணூறு அறவில்லை. கையைத்தான் அறுத்தது. எழுபதுக்கும் கண்ணில் தண்ணி வந்தது, நரம்பு அப்படியே நின்றது. அம்பது சுலபமாகப் போயிற்று, அது விளைமீனுக்கே தாங்காது. அறுபதைச் சுற்றினாள், சாய்ந்தாள், பாரம் முழுதும் போட்டாள், நரம்பு கிணுகிணு என்று பாடியது, கையே கழன்று போகிற மாதிரி இருந்தது, இனி முடியாது, அம்மா தாயே என்று வாய் திறக்கவும் டப்பென்று விட்டது. மல்லாந்து விழுந்தாள். விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தாள், சத்தம் இல்லாமல். இதுதான், இதுதான். ஆனால் அவள் கனம் எவ்வளவு, அவர் கனம் எவ்வளவு? அவர் உடம்பு மரத்தில் உட்கார்ந்திருக்கும், கால் தண்ணியில் தொங்கும், பிடிமானம் எங்கே இருக்கும்? தூணும் மீனும் ஒன்றா? தூண் இழுக்காது, மீன் இழுக்கும். அவளுக்கு அறுந்தது அவருக்கு அறுமா? இதையெல்லாம் யாரிடம் கேட்க? கணக்கு டீச்சரிடமா? இடது உள்ளங்கையில் ரெண்டு சிவந்த வரி ஓடியது, ஒன்று தோல் கிழிந்து நீர் கட்டியிருந்தது. காலையிலிருந்து அந்தக் கையை மூடியே வைத்திருக்கிறாள். அப்புறம், சத்தியம் இருக்கிறதே. பிள்ளை பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் அப்பாவைச் சொல்லி அழுததும், அவர் பிள்ளையின் தலையில் கை வைத்துச் சொன்னார், கையில சுத்தமாட்டேன், இது மேல சத்தியம். அவள் பதறிப்போனாள். பிள்ளை தலையில் ஏன் வைத்தீர்கள், உங்கள் தலையில் வைத்திருக்கலாமே என்று கேட்க வாய் வரவில்லை. அந்தச் சத்தியம் அன்றையிலிருந்து பிள்ளையின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. அவர் கடலில் ஒரு சுற்றுச் சுற்றினால் இங்கே பிள்ளைக்கு ஏதாவது ஆகும். இது முட்டாள்தனம் என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. வெயில் என்று நினைத்தாள். வெயில் படியைத் தொடவே இல்லை, சுவர் நிழல்தான் விழுந்து கிடந்தது. கையை எடுத்துத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். சூடுதான். இப்போது, இந்த நிமிஷம், சுற்றியிருக்கிறார்.

"என்னட்டி, பிள்ளைய அப்படிப் பாக்க?" உள்ளேயிருந்து கிளாட்வினின் அம்மா, மிக்கேலம்மாள் மாமி, முறத்தோடு வந்து நின்றாள். ஒண்ணுமில்ல மாமி என்றாள் ரெக்சலின். மாமி குனிந்து நெற்றியைத் தொட்டாள். "காஞ்சு கெடக்கே. கூழையும் துப்புது. நேத்து சந்தியா நேரத்துல கல்லுச்சுவருக்குத் தூக்கிட்டுப் போனியா? காத்துப் பட்டிருக்கும். உப்பு மொளகா சுத்திப் போடணும்." போகவில்லை மாமி என்று சொன்னாள், அது உண்மைதான், பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத்தான் போனாள், சிப்பி போட. "கையில என்ன?" ஒண்ணுமில்ல மாமி. "ஒண்ணுமில்லாததுக்கா பொத்தி வச்சிருக்க?" அருவாமனை என்றாள். அருவாமனை உள்ளங்கையில் எப்படி ரெண்டு கோடு போடும் என்று மாமி கேட்கவில்லை, மேற்கே திரும்பி மூக்கைத் தூக்கி மோந்தாள். "காத்து மாறுதே" என்றாள். அப்போதுதான் ரெக்சலினுக்கும் தெரிந்தது. காலையிலிருந்து முதுகில் பட்ட காற்று இப்போது வலது கன்னத்தில் பட்டது. கச்சான். மேற்கே இருந்து வருகிற கச்சான், கடலைக் கிளப்பிவிடுகிற காற்று. அந்த ஒரு முழம் கடலில் வெள்ளை வெள்ளையாக நுரை தலையெடுத்திருந்தது. கச்சான் எடுத்தால் தண்ணி புரளும், புரண்டால் பெரிய மீன் கடலடிப் பாறையை விட்டு மேலே வரும். மேலே வந்தால் கடிக்கும். கடித்தால் நரம்பு. நரம்பு நின்றால் அவர் இல்லை. நரம்பு விட்டால் மீன் இல்லை, பெயர் இருக்கும், அறுத்தான், கல்லறை வரைக்கும். எச்சில் தொட்டிருந்தால் அறுபது முழுசாகத் தாங்கும், அவளைத் தாங்கினதை விடத் தாங்கும், ஏனென்றால் தூணில் கட்டிப் பார்த்ததெல்லாம் அவசரத்தில் போட்ட உலர் முடிச்சு. கரண்டி அந்தரத்தில் நின்றது. ஐயோ. உலர் முடிச்சில்தான் அறுந்தது. நனைத்துப் போட்டால் அறாதே. அப்படியென்றால் நனைத்திருக்கக்கூடாது. இத்தனை நேரம் நனைத்திருக்கவேண்டும் நனைத்திருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாளே, சகாய மாதாவே, அதைக் கேட்காதே, அதைத் திருப்பிக்கொள், நனைக்காமலே இருக்கட்டும், பிள்ளை முதலில் வீறிட்டிருக்கட்டும், அவசரத்தில் அப்படியே இழுத்திருக்கட்டும். நாக்கை வாய்க்குள் சுழற்றிப் பார்த்தாள், நேற்றைய நரம்பின் ருசி நாக்கில் எங்கேயாவது இருக்கிறதா என்று. கூழ் ருசிதான் இருந்தது.

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கடப்புறத்துக்கு இறங்கினாள். மாமி பின்னால் ஏதோ கத்தினாள், காதில் விழவில்லை. மணல் சுட ஆரம்பித்திருந்தது. வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரை ஏறிக்கொண்டிருந்தன, காற்றுக்குப் பயந்து எல்லாரும் சீக்கிரம் திரும்பியிருந்தார்கள். மீன் வாங்கி விற்கிற பெல்சியா அக்கா கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். "வாட்டி கல்யாணப்பொண்ணு! அதிசயமா இருக்கு, கடப்புறத்துக்கு வெயில் காயவா வந்த? மாப்பிள்ளைய ஒருநேரம் காணாம இருக்க முடியாதோ?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ரெக்சலின் தலையைக் குனிந்தாள், குனிந்தபடியே கடலைப் பார்த்தாள், அது அவளுக்குப் பழக்கம். எல்லா மரமும் வந்துவிட்டதா என்று கேட்கவேண்டும். வாயைத் திறந்து கேட்கவேண்டும். எவ்வளவு சின்னக் கேள்வி. ஆனால் கேட்டால் பதில் வரும். கேட்காதவரை அவர் எங்கேயோ வந்துகொண்டுதான் இருக்கிறார். சில்வஸ்டர் அண்ணன் வள்ளத்திலிருந்து வலையை உதறிக்கொண்டே சொன்னார், "ஒன் ஆள வெளிப்பாருல வச்சிப் பாத்தேன், விடிஞ்ச நேரம். காத்து வருதுலே, ஏறுன்னு சத்தம் போட்டேன். கேக்கான்? அறுக்க இன்னும் பாக்கி இருக்கும்போல." மறுபடி சிரிப்பு. விடிந்த நேரம் பார்த்தது. விடிந்த நேரம் எங்கே, இப்போது எங்கே? பிள்ளையின் சூடு அவள் விலாவில் சேலையைத் தாண்டி இறங்கியது. வெளிப்பாரு பக்கம் பார்த்தாள். அலை, அலை, நுரை, ஒரு கறுப்புப் புள்ளி, புள்ளி இல்லை காக்கை, மறுபடி அலை. அப்பா நல்லா நீந்துவார். அப்பாவுக்கும் கச்சான் நாள்தான். இல்லை, கொண்டல், கிழக்கே இருந்து வருகிறது. கொண்டலா கச்சானா? அதுகூட மறந்துபோயிற்று, கைலி மட்டும் மறக்கவில்லை. நீலக் கட்டம். இந்தக் கூட்டத்தில் யார் நீலக் கட்டம் கட்டியிருக்கிறார்கள் என்று தேடினாள். தேடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே தேடினாள். ஒரு ஆள் கட்டியிருந்தார். மணலில் உட்கார்ந்தாள். பிள்ளை அழ ஆரம்பித்தது. அந்த ஆள் இனி நரம்பை எடுத்து வெயிலில் பிடிப்பார். அவள்தான் அவருக்குச் சொல்லவேண்டும், அது தொண்ணூறு இல்லை அண்ணா, அறுபது, நான்தான் போட்டேன், அறும் என்று நினைத்துத்தான் போட்டேன், நான் எச்சில் தொட்டிருக்கக்கூடாது.

"அந்தா வாறான் ஒன் தொர" என்றாள் பெல்சியா அக்கா, வெற்றிலையைத் துப்பிவிட்டு. எங்கே என்று கேட்காமலே பார்த்தாள். புள்ளி. அலை தூக்கியபோது தெரிந்தது, இறக்கியபோது போயிற்று, மறுபடி தூக்கியபோது புள்ளிக்கு மேலே இன்னொரு புள்ளி இருந்தது. ஆள் இருந்தது. ஆள் இருக்கிற மரம். ஆள் இருக்கிற மரம் என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லி, அது கரையில் முட்டுகிறவரை சொன்னாள். ஒரு கையால்தான் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார். மரம் மணலில் ஏறியதும் இறங்கவில்லை, கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார், வேற்று ஊர்க் கரைக்கு வந்துவிட்ட ஆள் மாதிரி. தலையிலிருந்து தண்ணி சொட்டியது. சட்டைப்பை வரை அல்ல, தலைமுடி வரை நனைந்திருந்தது, காதில் ஒரு பாசி ஒட்டியிருந்தது. மரத்தில் மீன் இல்லை. சில்வஸ்டர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "அறுத்தியாடே?" கிளாட்வின் இடது கையால் காதிலிருந்த பாசியை எடுத்துப் போட்டார். "ஆனய கட்டி இழுக்கிற நரம்புன்னு நேத்து டீக்கடையில சொன்ன? ஆனை எங்கடே?" நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ரெக்சலின் எழுந்து கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள், அவர் வலது கையை மட்டும் பார்த்தாள். மூடியிருந்தது. மூடிய விரல் இடுக்கில் ரத்தமும் தண்ணியும் கலந்து சொட்டியது. சத்தியம் என்று நினைத்தாள். கோபம் வரவில்லை. பயம் வந்த வழியே திரும்பிப் போகத் தெரியாமல் நின்றது. அவர் கட்டையை இடுப்பிலிருந்து எடுத்தார். பச்சைப் பின்னல் முழுசாக இருந்தது, அதன் மேலேயே அவள் கட்டிய தங்கூஸ் சுற்றியிருந்தது, ஒரு சாண் மட்டும் வெளியே தொங்கியது. கீழே கம்பியோடு சேர்த்த முடிச்சில் போயிருக்கிறது. நேற்று அவள் நுனி கடித்துத் துப்பிய அதே முடிச்சு. தொங்கிய நுனியை அவர் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார், மெல்ல, ஒரு தடவை, இன்னொரு தடவை. வெளிச்சத்தில் உருட்டுகிற விரலுக்குத் தொண்ணூறும் அறுபதும் தெரியாமல் போகுமா? நிமிர்ந்து கூட்டத்துக்குள் அவளைத் தேடினார்.

தெளிவா இருந்துச்சு அத்தான், அதான் மெல்லிசாப் போட்டேன். பதில் வாயில் தயாராக இருந்தது. அவர் அருகில் வந்தார், பிள்ளையை வாங்கக் கையை நீட்டினார், நீட்டும்போது மூடிய கை திறந்தது. உள்ளங்கையில் குறுக்கே ரெண்டு வரி, ஆழமாக, வெள்ளையாகப் பிளந்து உள்ளே சிவந்து. பிள்ளையைக் கொடுப்பதற்கு அவளும் இடது கையைத் திறக்கவேண்டியிருந்தது. திறந்தாள். அவர் பிள்ளையை வாங்கவில்லை. அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தன் கையைப் பார்த்தார். மறுபடி அவள் கையை. அவர் உதடு நீலம் பாரித்திருந்தது, ஏதோ எண்ணுகிற மாதிரி அசைந்தது. "ரொம்ப ஆழம்ட்டி" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "பச்சையா இருந்துச்சு. மேல வெளிச்சமே தெரியல." அவர் கை நடுங்கியது. குளிருதா என்று அவள் கேட்கவில்லை. பின்னால் சில்வஸ்டர் அண்ணன் விடவில்லை, "லேய், நரம்ப குத்தம் சொல்லாத, யாருடே கட்டுனது? கட்டுனவன் கைய வெட்டணும்" என்றார். கிளாட்வின் திரும்பினார். ஒரு நிமிஷம் அவர் அடித்துவிடுவார் என்றே ரெக்சலின் நினைத்தாள். அவர் அந்த ஒரு சாண் நரம்பைத் தூக்கி வெயிலில் பிடித்துக் காட்டினார்.

"நல்ல நரம்பு" என்றார். "அறுந்துட்டு."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். வெயில் தலைக்கேறிட்டு இவனுக்கு, கூட்டிட்டுப் போட்டி என்று பெல்சியா அக்கா சொன்னாள். அறுத்தான் என்று யாரோ கூப்பிட்டார்கள், அவர் என்னடே என்று கேட்டார், பெயருக்குப் பதில் சொல்லுகிற மாதிரி. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவளுடைய திறந்த கையைப் பிடித்து இழுத்து, பெருவிரல் அடியில் வாயை வைத்துக் கடித்தது. சுருக்கென்றது. விரலை விட்டுத் துழாவினாள். கீழ் ஈறில் அரிசி முனை மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. அதற்குத்தான் சூடா, அதற்கு மட்டும்தானா என்று நினைத்தாள், முழுசாக நம்பவில்லை. இன்றைக்குப் பிள்ளை நெற்றியை இன்னும் பலதடவை தொட்டுப் பார்ப்பாள். அவர் மரத்தைத் தூக்க முடியாமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவள் பிள்ளையோடே குனிந்து மறுமுனையைப் பிடித்தாள். நிமிரும்போது பழக்கத்தில் கண் தண்ணிக்குப் போயிற்று. கரை ஓரமெல்லாம் மண் நிறம் ஏறிக்கொண்டிருந்தது. நாளைக்குக் கலங்கல்தான். கலங்கலுக்குக் கனத்தது போடவேண்டும். எல்லாரும் கனத்ததுதான் போடுவார்கள், அவரும் அதைத்தான் கேட்பார். கேட்பாரா? கேட்டால் அவள் ஆமா என்று சொல்லமாட்டாள், இதை மட்டும் இப்போதே எண்ணிக்கொண்டாள். முன்னால் நடந்தவர் திரும்பாமலே கேட்டார்.

"நாளைக்கு என்ன போட?"

பின்னால் அத்தனை பேரும் கேட்கிற தூரத்தில்தான் நின்றார்கள்.

"அறுபது" என்றாள், சத்தமாக.